எட்டில் ஒரு பங்கு விமானம்

புதன்கிழமை சாயங்காலம். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பதினேழாவது பிளாக் மருதாசலம் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே, இது சும்மா வந்த வருகை இல்லை என்று தனபாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி ஒன்று போட்டிருந்தார். மைன்ஸ் வொர்க்‌ஷாப்பில் நூல் பிசகாமல் வேலை செய்கிறவர் என்று பேர் எடுத்த மனுஷன் அவர்.

"அவரு இருக்காருங்களா, தங்கச்சி? என்ற ஏரோப்பிளேனக் காணோமுங்க."

தனபாக்கியம் லெக்கோ கரி அடுப்பின் மேல் இருந்த வாணலியை இறக்கி வைத்தாள். மாதம் தவறாமல் துப்பறியும் நாவல் வாங்கிப் படிப்பவள் அவள். ஒரு கொலை உண்டா, ஒரு கொள்ளை உண்டா, இதெல்லாம் ஒரு ஊரா என்று இந்த நகரியத்தைப் பற்றிப் பல வருஷமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஏரோப்பிளேன் களவு போவதென்றால் லேசுப்பட்ட காரியமா? சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு, "ஏங்க, சீக்கிரம் வாங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

குஞ்சிதபாதம் நிதானமாகத்தான் வந்தார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. வொர்க்‌ஷாப்பின் டூல் ரூமில், கம்பி வலை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை, அது நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு கருவி. கருவி வாங்குகிறவர் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுக்க வேண்டும். கருவி இருந்த ஆணியில் டோக்கன் தொங்கும். கருவி திரும்பி வந்தால் டோக்கன் ஆளிடம் போய்விடும். டோக்கன் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. சட்டப்படி கருவியும் கிடையாது. குஞ்சிதபாதம் கொடுப்பார். அவர்கள் உடம்பில் இருக்கிற எதையாவது வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டு கொடுப்பார். ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்பானரோடு போய், நட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அரை மணியில் திரும்பி வந்த கதையைத் தனபாக்கியம் சொல்லாத வீடு பிளாக்கிலேயே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பலகையிலிருந்து ஒரு சாமானும் தொலைந்ததில்லை. தொலைந்தது என்று யாராவது வந்தால் இரண்டு கேள்வி கேட்டு, அது எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால்தான் மோதிரம் காணோம், ஆட்டுக்குட்டி காணோம் என்று வீட்டுக்கும் ஆள் வர ஆரம்பித்தது.

"பெருசுதான் போன மாசமே போயிருச்சேண்ணே?" என்றார் குஞ்சிதபாதம்.

"பெருசு போச்சுங்க. இப்பப் போனது சின்னதுங்க," என்றார் மருதாசலம்.

மருதாசலத்தின் விமானத்தை அறியாதவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் கொட்டகை போட்டு, ஏலத்தில் எடுத்த அலுமினியத் தகட்டையும் ஒரு பழைய கார் எஞ்சினையும் வைத்து ஒன்பது வருஷம் பாடுபட்டு ஒற்றை ஆள் விமானம் கட்டினார். பறக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் கடிதங்கள் வந்தன, அனுமதி வரவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பிளாக் ஓரத்து வெறும் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது என்று அவர் சொல்வார். அரை முழம் என்று பக்கத்து வீட்டு கோபாலகிருஷ்ணன் சொல்வார். எப்படியோ, எழும்பியது.

இப்போது ரிட்டயர்மென்ட். வெள்ளிக்கிழமை கடைசி வேலை நாள், ஞாயிற்றுக்கிழமை லாரி. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறவர் இருபத்து நான்கடி இறக்கையை எங்கே கொண்டுபோவார்? போன மாதம் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். ஆனால் அதற்கு முன்பே, ஒரு வருஷமாக, விமானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, சரியாக எட்டில் ஒரு பங்காக ஒரு மாதிரி செய்து முடித்திருந்தார். அதே தகடு, அதே வெள்ளி பெயிண்ட், பெரியதைப் போலவே ஊசியை உருவினால் கழன்று வருகிற இறக்கை. ஒன்பது வருஷத்தில் மிச்சம் அந்த மூன்றடி சாமான்தான். அதுதான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுவரிலிருந்து காணாமல் போயிருந்தது.

"நாளைக்குக் காலைல போலீசுக்குப் போறனுங்க. அது இல்லாம நான் லாரி ஏற மாட்டனுங்க," என்றார்.

குஞ்சிதபாதம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "போனீங்கன்னா, போலீசு முதல்ல யாரைக் கூப்பிட்டுப் போவாங்க? உங்களையா, என்னையா? வூட்டுக்கு வந்து போற காண்ட்ராக்ட் ஆளைத்தான். அப்புறம் பொருள் கிடைச்சாலும் அவன் வேலை போனது போனதுதான். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பொறுங்க, அண்ணே."

மருதாசலம் அரை மனதாகத் தலையாட்டினார். தனபாக்கியம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மருதாசலத்தின் வீடு முழுக்க மூட்டையும் பெட்டியும். அவர் மனைவி புஷ்பவல்லி கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். முன்னறைச் சுவரில், சாதாரண ஆளுக்குக் கை எட்டாத உயரத்தில் ஒரு பெரிய ஆணி. விமானம் கம்பி வளையம் போட்டு அதில்தான் தொங்கியதாம். இப்போது கறுப்புக் கயிறு கோத்த ஒரு சின்னச் சாவி தொங்கியது. ஆணிக்குக் கீழே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் விரித்த செய்தித்தாள்.

"அது என்னா சாவி, அக்கா?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"எந்தப் பொட்டிச் சாவியோ! ஊட்டையே காலி பண்றப்ப, திரும்பின பக்கமெல்லாம் சாவிதானுங்க தொங்குது."

"இந்தப் பேப்பர் நீங்க விரிச்சதா?" என்றார் குஞ்சிதபாதம்.

"நான் ஏனுங்க விரிக்கறேன்? முக்காலி அழுக்கானா நாந்தானுங்க கழுவப்போறேன்."

குஞ்சிதபாதம் குனிந்து பேப்பரைப் பார்த்தார். சாவியை அண்ணாந்து பார்த்தார். இரண்டையும் தொடவில்லை. தனபாக்கியத்துக்கு எரிச்சலாக வந்தது. கைரேகை, காலடித் தடம், சிகரெட் துண்டு, எதையாவது தேட வேண்டாமா இந்த மனுஷன்?

செவ்வாய்க்கிழமை யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தபோது இரண்டே பேர்தான் தேறினார்கள். ஒருத்தர் கோபாலகிருஷ்ணன், பால் புட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். எஞ்சின் சத்தம் தாங்கவில்லை என்று ஒன்பது வருஷத்தில் பதினான்கு மனு எழுதிப்போட்டவர் அவர். இன்னொருவன் கொளஞ்சிநாதன். மந்தாரக்குப்பத்து ஆள், மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஒன்பது வருஷமும் ஞாயிறு தவறாமல் வந்து மருதாசலத்தோடு விமானம் கட்டியவன். தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கும்போது வெளியே ஒருத்தர் சுத்தியலால் அடிக்க, உள்ளேயிருந்து ஒருத்தர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அடித்தவர் மருதாசலம், பிடித்தவன் கொளஞ்சி. செவ்வாய்க்கிழமை மூட்டை கட்ட வந்தவன், இரண்டு மணிச் சங்குக்குப் பழைய பேப்பர்ச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனானாம்.

"ஏன் நடந்து?"

"சைக்கிள் பஞ்சர்னு சொன்னானுங்க. வெளிய மரத்தடில நிக்குதே, அதானுங்க அவன் சைக்கிளு," என்றாள் புஷ்பவல்லி.

தனபாக்கியம் வெளியே வந்து அந்தச் சைக்கிளின் மேல் கையை ஊன்றி நின்றாள். யோசிக்கத்தான். உள்ளங்கையெல்லாம் சாம்பல். அனல் நிலையத்துக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால், ஒரு நாள் அசையாமல் நின்ற எதன் மேலும் அப்படித்தான் படியும். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்க் கணவர் காதில் கிசுகிசுத்தாள். "பஞ்சராம் பஞ்சரு! டயரு கல்லாட்டம் இருக்குதுங்க. ஆனா அதை வுடுங்க, கோபாலகிருஷ்ணன் மூஞ்சியப் பாத்தீங்களா? வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து இங்கயே எட்டிப் பாத்துகினு நிக்கறாரு. அவருதான்!"

"ம்," என்றார் குஞ்சிதபாதம்.

அந்த நேரத்தில் கொளஞ்சிநாதனே வந்துவிட்டான். நடந்துதான் வந்தான். முழங்கால் வரை செம்மண், கையில் மூட்டை கட்டக் கயிற்றுச் சுருள். வீட்டில் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றான். குஞ்சிதபாதம் அவன் பக்கம் திரும்பவேயில்லை. மருதாசலத்தைப் பார்த்து, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"கவலைப்படாதீங்கண்ணே. இதுல திருட்டு ஒண்ணும் இல்ல. எடுத்தவங்க நாளைக்கு ஆறு மணிக்குள்ள தானே கொண்டாந்து மாட்டிடுவாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

கொளஞ்சியின் கையிலிருந்த கயிற்றுச் சுருள் நழுவித் தரையில் விழுந்தது. பாவம், மருதாசலத்தின் துக்கம் அவனையும் வாட்டுகிறது என்று தனபாக்கியம் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அதே முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி எல்லாம் கட்டியாகிவிட்டதால் மருதாசலமும் கோபாலகிருஷ்ணனும் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியின் மேல். புஷ்பவல்லி கதவோரம். கொளஞ்சிநாதன் மட்டும் இல்லை. மருதாசலம் நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க? மனு எழுதினது வாஸ்தவம். அதுக்காகப் பொருளை எடுப்பனா?" என்று கோபாலகிருஷ்ணன் சீறினார்.

"நீங்க எடுக்கலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன், சார். என் வூட்டுக்காரி நேத்துலேருந்து உங்களைத் தூக்குல போட்டுகினு இருக்கா," என்றார் குஞ்சிதபாதம். தனபாக்கியம் கூரையைப் பார்த்தாள்.

"நீங்க ஆறடி ஆளு. அந்த ஆணி உங்களுக்குக் கைக்கு எட்டும், முக்காலி வேணாம். அண்ணிக்கு முக்காலி வேணும், ஆனா அவங்க வூட்டு முக்காலி மேல அவங்களே பேப்பர் விரிச்சு ஏற மாட்டாங்க. பேப்பர் விரிச்சவன், இந்த வூட்டு முக்காலில தன் கால் மண்ணு படக் கூடாதுன்னு நெனச்சவன். திருட வந்தவன் அதையெல்லாம் பாப்பானா?"

"அப்புறம் இறக்கை. மூணடி சாமானை முழுசா எடுத்துப் போனா ஊரே பாக்கும். ஊசியை உருவி, இறக்கையைக் கழட்டிச் சாக்குல போட்டுத்தான் கொண்டுபோகணும். ஊசி எங்க இருக்குன்னு தெரியாதவன் கழட்டியிருந்தா ஏதாச்சும் முறிஞ்சிருக்கும், ஒரு சில்லாவது கீழ கெடக்கும். இங்க ஒண்ணும் இல்ல."

மருதாசலத்தின் முகம் மாறியது. "ஏனுங்க, என்ன சொல்ல வர்றீங்க?"

"அந்தச் சாவியப் பாருங்க, அண்ணே. அது பொட்டிச் சாவி இல்ல. சைக்கிள் சாவி. மரத்தடியில நிக்குற சைக்கிளோடது. அந்தச் சைக்கிளுக்குப் பஞ்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாவி இங்க மாட்டிகினு இருக்கறதாலதான் ரெண்டு நாளா அது எடத்தை வுட்டு நகரல. மேல படிஞ்ச சாம்பலே சாட்சி. அவன் மந்தாரக்குப்பத்துக்கும் இங்கயும் நடையா நடக்கறான்." குஞ்சிதபாதம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என் ஜன்னல்ல நின்னவன் எவனும் ஆணியக் காலியா வுட்டுட்டுப் போக மாட்டான். டோக்கன் இருக்கறவன் டோக்கனை மாட்டுவான். டோக்கன் இல்லாதவன் தன் மேல இருக்கறதை மாட்டுவான். திருப்பித் தர்றவன்தான் மாட்டுவான்."

"கொளஞ்சியா?" மருதாசலம் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ற கொளஞ்சியா? கேட்டிருந்தா என்ற உசுரையே குடுத்திருப்பனேங்க! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, போற நேரத்துல இப்படிப் பண்ணிப்போட்டானே!" அவருக்குக் கோபம் பாதி, அழுகை பாதி. "எதுக்குங்க எடுத்தான்?"

"அது எனக்குத் தெரியாது. எடுத்தது யாருன்னுதான் ஆணி சொல்லும். எதுக்குன்னு அவன்தான் சொல்லணும்," என்றார் குஞ்சிதபாதம்.

வாசலில் நிழல் தட்டியது. ஆறு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கொளஞ்சிநாதன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சாக்கைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே வந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாக்கைப் பிரித்து, விமானத்தை எடுத்து, இறக்கைகளைச் செருகி, ஊசியைப் போட்டு, மருதாசலத்தின் காலடியில் வைத்தான்.

"மன்னிச்சுக்கங்க அய்யா. நேத்து காலையிலயே கொண்டாந்துடலாம்னுதான் இருந்தேன். பெயிண்டு காயல. நேத்து போலீசுன்னு பேச்சு அடிபட்டதும் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்னடா பெயிண்டு?"

கொளஞ்சி இடது இறக்கையைத் தொட்டுக் காட்டினான். இறக்கை உடம்போடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அங்குல நீளம், அரை அங்குல அகலத்தில் ஒரு சின்ன ஒட்டு. அதைச் சுற்றிக் குண்டூசித் தலையைவிடப் பொடியான ரிவெட்டுகள். தனபாக்கியம் குனிந்து பார்த்தாள். ராத்திரியெல்லாம் கண்ணை விழித்துச் செய்த வேலை மாதிரி இருந்தது.

மருதாசலம் அந்த ஒட்டை விரலால் தடவினார். பிறகு மெல்ல, மற்றவர்களுக்குச் சொல்வதுபோல, "நாலாவது வருசமுங்க. நான் அடிக்கறப்ப இவன் கட்டை நழுவித் தகடு கிழிஞ்சு போச்சு. புதுத் தகடு கெடைக்கல. எட்டு அங்குலத்துக்கு ஒட்டுப் போட்டோம். அன்னைக்கு இவனை நான் பேசாத பேச்சில்லீங்க," என்றார். "மாதிரில வேணும்னேதாண்டா அந்த ஒட்டைப் போடாம வுட்டேன். நாளைக்கு எம்பேரன் பாத்து இது என்னன்னு கேட்டா, உன்ற தப்பை நான் சொல்லணுமா? வேண்டாம்னுதான் வுட்டேன்."

"தெரியுங்க அய்யா. நல்ல மனசுலதான் வுட்டீங்க." கொளஞ்சி இப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "மத்ததெல்லாம் ஒரு ஆணி வுடாம எட்டுல ஒண்ணாச் செஞ்சிருக்கீங்க. எங்கயும் நான் இல்லீங்களே. நீங்க அடிச்சது வெளிய தெரியும். நான் உள்ள புடிச்சது யாருக்குத் தெரியும்? அந்த ஏரோப்பிளேன்ல என் கை பட்டதுன்னு காட்ட அந்த ஒட்டு ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா, ஒம்பது வருஷம் நான் எங்கிட்டுப் போனேன்? கேட்டா வேணாம்னுவீங்க. அதான் கேக்கல. சும்மா எத்துக்கினு போகவும் மனசு வரல, ஆணி வெறுமனே இருந்துச்சு. பழக்க தோசம், சாவிய மாட்டிட்டேன்."

"தகடு ஏது?"

"இரும்புக் கடைல கெஞ்சி அந்த ஒட்டை மட்டும் வாங்கி வச்சிருந்தேன். அதுலயே வெட்டினதுதான்."

புஷ்பவல்லி கதவுப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். மருதாசலம் விமானத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேலைக்காரன் கண், விடுமா? நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஏண்டா, ரெண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. பன்னெண்டு இருக்கோணும். பதினொண்ணுதானே இருக்குது?"

"பதினொண்ணுதாங்க. பன்னெண்டாவது அன்னிக்கே தலை தெறிச்சிப் போச்சு. நீங்க ஏற்கெனவே கோவத்துல இருந்தீங்களா, சொல்லப் பயந்துகினு மெழுகு வச்சு மேல பெயிண்டு அடிச்சுட்டேன். இதுலயும் மெழுகுதான் வச்சிருக்கேன்."

"அடப்பாவி! அதோடயா நான் ஏறி உக்காந்து ஓட்டினேன்?"

முதலில் சிரித்தது கோபாலகிருஷ்ணன்தான். பெட்டி குலுங்கச் சிரித்தார். "அப்ப முழுசா பன்னெண்டும் இருந்திருந்தா நீங்க சொன்ன ஒரு முழம் எழும்பியிருக்கும் சார்!" அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், கொளஞ்சியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார், அப்புறம் அந்தக் கையை எடுக்கவேயில்லை.

குஞ்சிதபாதம் முக்காலியில் ஏறிச் சாவியை எடுத்து நீட்டினார். "சாமான் வந்துடுச்சு. டோக்கனை எடுத்துக்கோ, கொளஞ்சி."

கொளஞ்சி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பத் திரும்பினான். "இர்றா," என்றார் மருதாசலம். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். தனபாக்கியம் பார்த்துவிட்டாள். 3714 என்று பொறித்த பித்தளை டோக்கன். முப்பது வருஷம் தேய்ந்து ஓரமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. கொளஞ்சி பதினான்கு வருஷமாக மைன்ஸில் இருக்கிறான், அப்படி ஒன்றை அவன் கையில் யாரும் வைத்ததில்லை.

"அய்யா, இது நாளைக்கு நீங்க ஆபீசுல குடுக்கணுமே!"

"ஏரோப்பிளேன் நம்ம ரெண்டு பேர்த்துதும்தான். நான் எடுத்துட்டுப் போறேன். எடுத்துட்டுப் போறவன் டோக்கன் வெச்சுட்டுப் போகோணுமா இல்லியா?" என்றார் மருதாசலம். பிறகுதான் நினைவு வந்தவராகக் குஞ்சிதபாதத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். ரிட்டயராகிறவர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று நோ டியூ ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் குஞ்சிதபாதம்தான்.

குஞ்சிதபாதம் அந்த நேரம் பார்த்து மின்விசிறியை ரொம்பக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். விசிறி ஓடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தனபாக்கியத்தால் பொறுக்க முடியவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சாமான் தொலைச்சதில்லன்னு பீத்திக்குவீங்களே. இப்ப ஒரு டோக்கன் தொலைஞ்சு போச்சே, இன்னா பண்ணுவீங்க?"

"தொலையலியே. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் குஞ்சிதபாதம்.

பின்னால் மணி அடித்தது. ஓரம் ஒதுங்கினார்கள். சாம்பல் துடைக்காத சைக்கிளில் கொளஞ்சிநாதன் அவர்களைத் தாண்டிப் போனான், ஒரு கையால்தான் ஓட்டினான், இன்னொரு கை சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.